உளமொழியியலில் பிஎச்.டி.: அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: “எம்.ஏ. மொழியியல் முடித்திருக்கிறேன். மனிதர்கள் மொழியை எப்படிக் கற்கிறார்கள், எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதில் பிஎச்.டி. செய்ய ஆசை. அதில் என்னதான் செய்வார்கள்? கணக்கு, கணினி எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா? தமிழை வைத்துச் செய்ய முடியுமா, ஆங்கிலத்தில்தான் செய்ய வேண்டுமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழை வைத்துத் தாராளமாகச் செய்யலாம். தமிழ் தெரிந்த ஒருவர் அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் செய்வது, வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற மாதிரி. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

“மனிதர்கள் மொழியை எப்படிக் கற்கிறார்கள்” என்ற கேள்விக்கு விடை கண்டுபிடித்து யாரும் பட்டம் வாங்கியதில்லை. அந்தக் கேள்வியோடு உள்ளே போவார்கள். வெளியே வரும்போது கையில் இருப்பது இரண்டு ஒலிகளோ, ஒரு வேற்றுமை உருபோ, வாக்கியத்தில் ஒரு சொல் வந்து விழும் அரை நொடியோதான். நான்கைந்து வருடம் அந்தச் சின்ன இடத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா என்பதுதான் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது. கணக்கும் கணினியும் அப்புறம்.

சில நிஜ உதாரணங்களைப் பார்ப்போம். 1950-களில் ஹார்வர்டில் ரோஜர் பிரவுனிடம் மாணவியாக இருந்தவர் ஜீன் பெர்கோ. ஆங்கிலக் குழந்தைகள் பன்மை, இறந்தகாலம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்கிறார்களா, விதியைப் பிடித்துக்கொள்கிறார்களா? இதைக் கண்டுபிடிக்க அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. உலகத்தில் இல்லாத ஒரு பறவை மாதிரியான உருவத்தைத் தானே வரைந்து, “இது ஒரு வக்” என்றார். இன்னொரு படத்தில் இரண்டைக் காட்டி, “இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு...?” என்று நிறுத்தினார். குழந்தைகள் “வக்ஸ்” (wugs) என்று முடித்தார்கள், கடைசியில் சரியான ‘z’ ஒலியோடு. அந்தச் சொல்லை அவர்கள் வாழ்நாளில் கேட்டிருக்க முடியாது. அதனால் மனப்பாடம் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போனது. 1958-இல் வெளியான கட்டுரை, இன்றும் முதலாண்டுப் பாடம்.

அதில் எனக்குப் பிடித்தது வெற்றியை விடத் தோல்விதான். ‘கிளாஸ்’ என்பதற்கு ‘கிளாஸஸ்’ என்று பன்மை சொல்லத் தெரிந்த அதே குழந்தைகள், அதே மாதிரி ‘கட்சஸ்’ ஆக வேண்டிய ‘கட்ச்’ என்ற பொய்ச்சொல் வந்தபோது பெரும்பாலும் தடுமாறினார்கள். ஆக, ‘விதி தெரியும்’ என்பது ஒரே மூட்டையாக வந்து இறங்குவதில்லை. ஒரு துண்டு முதலில் வருகிறது, ஒரு துண்டு பிறகு.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் குழந்தைகளுக்குப் பன்மை பெரிய சவால் இல்லை. பேச்சில் “ரெண்டு காக்கா” என்றாலே போதும், ‘கள்’ தேவையில்லை. நம்மிடம் சுவாரசியமான இடம் வேற்றுமை. ‘மரம்’ ஐ ஏற்றால் ‘மரத்தை’. ‘வீடு’ ஏற்றால் ‘வீட்டை’. சரி, “இது ஒரு மிப்பம். பாப்பா எதைத் தொட்டா?” என்று மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்டால் ‘மிப்பத்தை’ என்று வருமா, ‘மிப்பமை’ என்று வருமா? ‘நூடு’ என்று ஒரு பொம்மையைக் காட்டினால் ‘நூட்டை’யா, ‘நூடை’யா? பெரியவர்களிடமே இது நேர்கோட்டில் இல்லை. ‘ரோடு’ இங்கிலீஷிலிருந்து வந்தும் ‘ரோட்டை’ ஆகிவிட்டது. ஆனால் ஐ.டி. கம்பெனியில் ‘கோடு’ (code) என்ற சொல்லை வைத்து யாரும் “கோட்டை எழுது” என்று சொல்வதில்லை, “கோடை எழுது” என்றுதான் சொல்கிறார்கள். ‘ஆல்பம்’ ‘ஆல்பத்தை’ ஆகிறது, ‘எக்ஸாம்’ ‘எக்ஸாமை’யோடு நிற்கிறது. எந்தச் சொல்லை நம் மனம் ‘நம்மாளு’ என்று சேர்த்துக்கொள்கிறது, எதை வாசலிலேயே நிறுத்துகிறது? இந்த ஒரு பத்திக்குள்ளேயே ஒரு பிஎச்.டி.க்கான சரக்கு இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள், நான் காப்புரிமை கேட்க மாட்டேன்.

இன்னொன்று, ஒலி. கனடாவில் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் வெர்க்கர் பட்ட ஆய்வாகத் தொடங்கி, ரிச்சர்ட் டீஸோடு சேர்ந்து 1984-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தி ‘ட’வையும் ‘த’வையும் ஒலிக்கவிட்டார்கள். குழந்தை அம்மா மடியில் இருக்கும். ஒலி ‘ட, ட, ட’ என்று போய்க்கொண்டே இருந்து திடீரென்று ‘த’ ஆகும்போது திரும்பிப் பார்த்தால், பக்கத்திலுள்ள பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால்தான் முடிந்தது. அதே வயது இந்திக் குழந்தைகளுக்கு ஒரு சிக்கலும் இல்லை. கனடாவின் பழங்குடி மொழி ஒன்றின் ஒலிகளை வைத்துச் செய்தபோதும் இதே கதைதான்.

நமக்கு இந்த வேறுபாடு தெருவில் கிடக்கிற விஷயம். கட்டி, கத்தி. பட்டு, பத்து. இதைக் கேட்டுப் பிரிக்க முடியாத ஒரு மனிதரை நம்மால் கற்பனை செய்யவே கஷ்டமாக இருக்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் பெரியவர் ஒருவருக்கு இவை இரண்டும் ஒரே ஒலி. அவருக்குக் காது மோசம் என்று அர்த்தமில்லை. பிறந்தபோது அவருக்கும் கேட்டதுதான், ஒரு வயதுக்குள் அவரது மொழி அதைத் தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டது. நாமும் சிலவற்றை ஒதுக்கியிருக்கிறோம். தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். ‘பல்’லிலும் ‘பஸ்’ஸிலும் அதே எழுத்து, ஒலி வேறு. ஆங்கிலச் சொற்கள் வீட்டுக்குள் புழங்கும் இன்றைய சென்னைக் குழந்தைக்கு அந்த இரண்டு ‘ப’வும் எந்த மாதத்தில் தனித்தனியாகின்றன? அதே குழந்தைக்கு ல, ள, ழ மூன்றும் நிஜமாகவே மூன்றா, இரண்டா?

குழந்தைகளை வைத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குழந்தை அழும், தூங்கும், ஹெட்போனைக் கடிக்கும். நாள் முழுக்கக் காத்திருந்து ஒரு நல்ல பதிவுகூடக் கிடைக்காத வாரங்கள் உண்டு. பொறுமை இல்லாதவர்கள் பெரியவர்களை வைத்துச் செய்யும் பக்கம் போவது நல்லது. நான் அப்படிப் போனவன்தான்.

அந்தப் பக்கத்தில் முக்கியக் கேள்வி: வாக்கியம் காதில் விழ விழ, அல்லது கண்ணில் பட பட, மனம் என்ன செய்கிறது? வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை என்பது இப்போது எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். சொல்லுக்குச் சொல் கட்டிக்கொண்டே போகிறது, அடுத்து வருவதை ஊகித்துக்கொண்டே போகிறது. 1980-இல் மார்ட்டா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிந்தார்கள். “அவன் சூடான பிரெட்டில் சாக்ஸைத் தடவினான்” என்கிற மாதிரி வாக்கியத்தில், பொருந்தாத சொல் வந்து ஏறத்தாழ 400 மில்லி நொடியில் அலை ஒரு பக்கமாக இறங்கியது. நம் ஊரில் “இட்லிக்குச் செருப்பைத் தொட்டுச் சாப்பிட்டான்” என்றால் போதும்.

தமிழ் மாணவருக்கு ஒரு அனுகூலம் இங்கே இருக்கிறது. நம் இலக்கணம் இந்த எதிர்பார்ப்புக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறது: எச்சம். ‘பார்த்த’ என்றால் இன்னும் ஒரு பெயர் வர வேண்டியிருக்கிறது, அதனால் பெயரெச்சம். ‘பார்த்து’ என்றால் ஒரு வினை வர வேண்டும், வினையெச்சம். ஆங்கிலத்தில் “டீச்சர்” முதலில் வந்து, அவரைப் பற்றிய விவரம் பின்னால் வரும். தமிழில் விவரம் முழுவதையும் கையில் பிடித்துக்கொண்டு, அது யாரைப் பற்றியது என்று தெரியாமலே காத்திருக்கிறோம். வினைமுற்றும் கடைசியில். “அம்மா அக்காவிடம் தம்பியைக் கடைக்குப் போகச் சொல்லச் சொன்னாள்.” மூன்று ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், அப்புறம் மூன்று வினைகள் வந்து ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போகின்றன. இதை நாம் திணறாமல் புரிந்துகொள்கிறோம்.

பெயருக்கும் வினைக்கும் இடையே தூரம் கூடக் கூட வினையைப் படிக்கும் நேரம் கூடும் என்பது எட்வர்ட் கிப்சன் 1990-களில் வைத்த செல்வாக்கான கொள்கை. ஆங்கிலத்தில் பல இடங்களில் அப்படித்தான் தெரிந்தது. பிறகு, ஜெர்மனில் பார்த்தபோது சில இடங்களில் நேர்மாறாக வந்தது. ஷ்ரவண் வசிஷ்ட் அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தி வாக்கியங்களை. அவரது இந்திச் சோதனைகளிலும், பெயருக்கும் வினைக்கும் இடையில் சொற்களைச் செருகியபோது வினையில் வேகம் கூடியது. ஒரு விளக்கம் இது: வினை கடைசியில் வரும் மொழியில், காத்திருக்கும் ஒவ்வொரு சொல்லும் வரப்போகும் வினையைப் பற்றிக் கொஞ்சம் துப்புக் கொடுக்கிறது. காத்திருப்பது வெறும் சுமை இல்லை, தயாராவதும்தான். கொள்கை ஆங்கிலத்தில் பிறந்தது, இந்தியில் அடிவாங்கியது. இப்படி அடிகொடுக்கக்கூடிய மொழி ஒன்றை நீங்கள் தாய்மொழியாக வைத்திருக்கிறீர்கள். கிணறு என்று சொன்னது இதைத்தான்.

இனி அன்றாட வேலை. மாதக்கணக்கில் செய்வது வாக்கியம் எழுதுவது. எழுத்தாளர் எழுதுகிற மாதிரி இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறுபடும் இரட்டை வாக்கியங்கள். நான் முதலில் எழுதியது: “பையனைப் பார்த்த டீச்சர்”, “பையன் பார்த்த டீச்சர்”. முதலாவதில் பார்த்தது டீச்சர், இரண்டாவதில் பையன். ஒரு உருபுதான் வித்தியாசம், சுத்தமான ஜோடி என்று நினைத்து இருபத்து நான்கு ஜோடி எழுதி முடித்தேன். திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவோம், ஸ்பேஸ்பாரைத் தட்டினால் அடுத்த சொல் வரும், தட்டுவதற்கு எடுத்த நேரம் பதிவாகும். அதுதான் முறை. நாற்பது பேரை உட்காரவைத்துத் தரவும் எடுத்தாயிற்று. அப்புறம்தான் ஒரு சீனியர் திரையைப் பார்த்துவிட்டு, “இந்த ‘ப்’ என்னப்பா?” என்று கேட்டார்.

இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வலி மிகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ‘பையனைப்’ என்று திரையில் வந்த உடனேயே, அடுத்த சொல் ‘ப’வில் தொடங்கும் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது! ‘பையன்’ என்பதில் அந்தத் துப்பு இல்லை. அடுத்த சொல்லை எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று அளக்கும் சோதனையில், அடுத்த சொல்லின் முதலெழுத்தை நானே காட்டிக்கொடுத்திருக்கிறேன். மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போனது. தப்பு முழுக்க என்னுடையது. ஆங்கிலப் பயிற்சி நூல்களில் இதற்கு எச்சரிக்கை இருக்காது, ஆங்கிலத்தில் சந்தி எழுத்து இல்லையே. இரண்டாம் முறை ‘நம்பிய’, ‘மதித்த’, ‘மறந்த’ என்று வல்லினத்தில் தொடங்காத வினைகளாகப் பொறுக்கினேன். “பையனை நம்பிய டீச்சர்”, “பையன் நம்பிய டீச்சர்”. இப்போது ‘ப்’ இல்லை.

அடுத்த தலைவலி, எந்தத் தமிழ்? படிக்கும் சோதனை என்றால் எழுத்துத் தமிழில்தான் வைக்க வேண்டும். “வர்றேன்”, “போயிட்டிருக்கான்” எல்லாம் திரையில் வந்தால் சிலர் சிரிப்பார்கள், சிலர் எழுத்துக்கூட்டுவார்கள், நேரம் எல்லாம் தாறுமாறாகும். கேட்கும் சோதனையில் எழுத்துத் தமிழை வைத்தால் இன்னும் மோசம். எனக்காக வந்து உட்கார்ந்த ஒரு பாட்டி ஐந்தாவது வாக்கியத்திலேயே ஹெட்போனைக் கழற்றி, “நியூஸ் எப்ப முடியும் தம்பி?” என்று கேட்டார். வீட்டில் ஒரு தமிழும் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழுமாக வளரும் மக்களை அளக்கும்போது, நாம் அளப்பது மொழியையா, படிப்பையா என்ற கேள்வி விடாமல் துரத்தும்.

அது சும்மா கவலை இல்லை. ரமேஷ் மிஸ்ராவும் ஃபால்க் ஹியூட்டிகும் வட இந்தியாவில் குழுவாகச் செய்த ஒரு ஆய்வு 2012-இல் வந்தது. ‘உயரமான கதவைப் பாருங்கள்’ என்பது போன்ற இந்தி வாக்கியம் காதில் ஒலிக்க, திரையில் சில படங்கள். இந்தியில் ‘ஊஞ்சா’, ‘ஊஞ்சி’ என்று அடைமொழியே ஆண்பால் பெண்பால் காட்டிவிடும். நன்கு படித்தவர்களின் கண், ‘கதவு’ என்ற சொல் வருவதற்கு முன்பே அடைமொழியிலிருந்து ஊகித்துக் கதவுப் படத்துக்குப் போய்விட்டது. எழுத்தறிவு குறைந்தவர்களின் கண், சொல் வந்த பிறகே போனது. உலகம் முழுக்க ‘மனித மனம் இப்படி ஊகிக்கிறது’ என்று எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துக் கண்டது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். இதை அப்படியே தமிழில் செய்ய முடியாது. நம் அடைமொழி பால் காட்டாது. நல்ல பையன், நல்ல வீடு, எல்லாம் ‘நல்ல’தான். ஆனால் உருபு இருக்கிறது. ‘கத்தியால’ என்று கேட்ட உடனே கண் காய்கறிக்குப் போகிறதா என்று பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத, நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிற ஒரு பூக்காரம்மாவுக்கு அது எப்படிப் போகிறது?

கணக்கு, கணினி பற்றிக் கேட்டிருந்தீர்கள். புள்ளியியல் தவிர்க்க முடியாது. புள்ளியியலுக்கான ‘ஆர்’ (R) என்ற மென்பொருளோடு சம்சாரம் நடத்தியாக வேண்டும், ஒலி வேலை என்றால் ஒலியை அலசும் ‘பிராட்’டும் (Praat) சேரும். பயப்பட வேண்டாம், இலக்கியம் படித்துவிட்டு வந்தவர்கள் ஒரு வருடத்தில் பழகியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேலோட்டமாகப் பழகினால் ஆபத்து. ஆங்கிலத்தில் ‘எ’, ‘ஆன்’ (a, an) என்ற சின்னச் சொல்லை வைத்தே மூளை அடுத்த பெயரின் முதலொலியை ஊகிக்கிறது என்று 2005-இல் ஒரு கட்டுரை வந்து பெரும் புகழ் பெற்றது. 2018-இல் ஒன்பது ஆய்வகங்கள் சேர்ந்து 334 பேரை வைத்துத் திருப்பிச் செய்தன, ‘எ’, ‘ஆன்’ இடத்தில் அந்த விளைவு கிடைக்கவில்லை. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. முப்பது பேரை வைத்துக்கொண்டு பெரிய வாய்ச்சொல் பேசக் கூடாது என்பதை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், நானும்தான்.

இடம், பணம். நெதர்லாந்தில் நைமேகன் நகரத்தில் உளமொழியியலுக்கென்றே ஒரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது, அங்கே பிஎச்.டி. என்பது நான்கு வருடச் சம்பள வேலை. அமெரிக்காவில் ஐந்தாறு வருடம், பாடம் எடுத்துக்கொண்டே படிப்பது. இந்தியாவில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம், டில்லி, காந்திநகர் ஐ.ஐ.டி.கள் ஆகிய இடங்களில் இந்த வேலை நடக்கிறது. பேச்சுக் கோளாறு, கேட்டல் சார்ந்த பக்கம் என்றால் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஹாஸ்டலில் இருந்தால் தாராளம், கல்யாணம் ஆகியிருந்தால் இழுபறி. ஊரையும் பெயரையும் பார்த்துப் போகாதீர்கள். வழிகாட்டியின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் போன் போட்டு, “உங்கள் முதல் சோதனை ஊத்திக்கொண்டபோது அவர் என்ன சொன்னார்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து முடிவெடுங்கள்.

தமிழில் செய்வதில் கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆங்கிலத்தில் எந்தச் சொல் எவ்வளவு புழங்குகிறது என்ற பட்டியல் ரெடியாகக் கிடைக்கும். தமிழில், அதுவும் பேச்சுத் தமிழில், பலதையும் நீங்களே உட்கார்ந்து தயாரிக்க வேண்டியிருக்கும். முன்னோடிகளே இல்லை என்றில்லை. இந்தியாவின் ஆரம்பகாலக் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஆர். நரசிம்மன், பிற்காலத்தில் குழந்தை மொழிப் பக்கம் திரும்பினார். ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சுப் பதிவு அவர் பெயரில், பல மொழிக் குழந்தைகளின் பேச்சைச் சேர்த்து வைத்திருக்கும் ‘சைல்ட்ஸ்’ (CHILDES) தரவகத்தில் இருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம். இன்று இரவே போய்ப் பாருங்கள். குழந்தை எங்கே எந்த உருபை விட்டுவிட்டுப் பேசுகிறது என்று பத்துப் பக்கம் குறித்தாலே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும்.

அப்புறம், விண்ணப்பம். ‘மொழி என்பது மனிதகுலத்தின் ஆகச்சிறந்த சொத்து’ என்று தொடங்கும் விண்ணப்பங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்த வரியோடே பலர் மடித்து வைத்துவிடுவார்கள். முதல் பத்தியிலேயே ஒரு ஜோடி வாக்கியத்தை வையுங்கள். இரண்டுக்கும் எங்கே வித்தியாசம், அந்த இடத்தில் படிப்பவர் மெதுவாவார் என்று நினைக்கிறீர்களா, வேகமாவார் என்று நினைக்கிறீர்களா, ஏன் என்று நான்கு வரி. அனுப்புவதற்கு முன் அந்த வாக்கியங்களை வீட்டில் யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். “யாருடா இப்படிப் பேசுவா?” என்று அம்மா கேட்டால், ஜோடியை மாற்றி எழுதுங்கள்.